டிராக்டர் கவிழ்தலும் அதனின்று கற்க வேண்டியவையும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

ஏர் மாடுகளைக் கொண்டு உழுதுவந்த காலத்தில் உழவனுக்கு மாட்டினால் உண்டான ஓர் உதவியை நாம் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. காளைக்கும் தன் உயிர்மேல் ஆசையுண்டு. காலூன்ற இடமில்லாத கரையிலும், பழங்கிணற்றின் ஓரத்திலும், ஆழந்தெரியாத சேற்றிலும் அது தானே தயங்கி நின்றுவிடும். உழவன் அதட்டினாலும் ஓரடி எடுத்து வைக்காது. டிராக்டருக்கு இந்தத் தயக்கம் கிடையாது. ஓட்டுபவர் எங்கே திருப்புகிறாரோ அங்கே அது போகும். போகத்தகாத இடமாயினும் போகும். ஆகையால், முன்பு உழவனும் மாடுமாக இருவர் பார்த்துவந்த காரியத்தை இப்போது ஓட்டுபவர் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

கிராமங்களுக்குச் செய்முறை விளக்கங்களுக்காகச் செல்லும்போதெல்லாம் டிராக்டர் ஓட்டுபவர்களிடம் பேசுவது என் வழக்கம். வயலிலோ கரையிலோ ஒருமுறையேனும் நெஞ்சம் நடுங்காதவர் அவர்களில் அரியர். முன்சக்கரம் வானத்தை நோக்கி எழும்பியது, கரை சரிந்து வண்டி வாய்க்காற்பக்கம் சாய்ந்தது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடியது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லி முடித்தபின் பெரும்பாலோர் கூறும் முடிவுரை ஒன்றே: "கை பழகியிருந்ததால் தப்பித்தேன்" என்பதே அது. இந்த முடிவுரை தவறானது, அபாயகரமானது என்பது என் அபிப்பிராயம். இவ்வச்சங்கள் புகட்டும் பாடம் வேறு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதாக, டிராக்டரின் அமைப்பைச் சிறிது கவனிக்க வேண்டும். சாலையில் ஓடும் காரானது தாழ்வாகவும் அகலமாகவும் அமைந்தது. டிராக்டரோ வரப்புகளையும் பயிர்வரிசைகளையும் தாண்டிச் செல்லும்படி தரையினின்று உயர்த்திச் செய்யப்பட்டது. அதன் எடையிற் பெரும்பகுதி பின் அச்சின்மேல் நிற்கிறது. பின்சக்கரங்கள் பெரியவை, அவற்றைச் சுழற்றும் வலிமையும் மிகப் பெரிது. எடை உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் எளிதிற் கவிழும். பின் அச்சின்மேல் இருப்பதால் பின்புறமாகவும் கவிழும். இவ்விரண்டு குணங்களும் வேலைக்காகவே அமைந்தவை. இவற்றை நீக்கிவிட்டால் அது டிராக்டராகாது. ஆகவே இந்த அபாயம் வண்டியுடனேயே பிறந்தது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஓட்டுபவர்கள் கூறும் அச்சங்களுள் முதலாவது, சேற்றில் அகப்பட்ட வண்டி முன்புறம் எழும்புதல். நடவுக்காகச் சேற்றுழவு செய்யுங்கால் பின்சக்கரம் ஆழப் புதைந்துவிடும். வண்டி நகராது, சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும். அப்போது பொறுமையிழந்த சிலர், ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தின்முன் செருகியோ, சங்கிலியால் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியோ, வேகத்தைக் கூட்டிக் கிளட்சை விடுகின்றனர். கட்டை தரையிற் பதிந்து சக்கரத்தைச் சுழலவொட்டாமல் தடுக்கிறது. இயந்திரத்தின் வலிமை எங்கேனும் செலவாகியே தீர வேண்டும். சக்கரம் சுழலாதபோது, அச்சைச் சுற்றி வண்டியின் உடலே சுழல்கிறது. முன்புறம் எழும்பி, ஓட்டுபவரின் தலைக்குமேலாக வந்து பின்னால் விழுகிறது.

இது நிகழும் வேகத்தை அறிந்தவர் சிலரே. முன்சக்கரம் தரையை விட்டெழும்பியது முதல் வண்டி முற்றிலும் தலைகீழாகும் வரை ஏறக்குறைய 1½ விநாடியே ஆகும். அதிலும் பாதி நேரம் கழிவதற்குள், அதாவது முக்கால் விநாடியளவில், இனித் திருப்ப முடியாது என்னும் நிலை வந்துவிடுகிறது. மனிதன் ஓர் அபாயத்தைக் கண்ணாற் கண்டு, மனத்தில் உணர்ந்து, காலை அசைத்துக் கிளட்சை மிதிப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே வேண்டியிருக்கிறது. ஆகவே, தப்பியவர் கைத்திறத்தால் தப்பியதாக எண்ணுவது பெரும்பாலும் மயக்கமே. அன்று சேறு சற்று இளகியிருந்தது, அல்லது கட்டை முறிந்தது, அல்லது இயந்திரம் தானே நின்றுபோயிற்று. இவையே உண்மையான காரணங்கள்.

இதிலிருந்து கற்க வேண்டியது எளியது. புதைந்த வண்டியை முன்னோக்கி எழுப்ப முயலலாகாது. பின்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள சேற்றை மண்வெட்டியால் தள்ளிச் சரிவு உண்டாக்கி, பலகை தேவையாயின் சக்கரத்தின் பின்புறம் இட்டு, தாழ்ந்த கியரில் மெல்லப் பின்னோக்கி எடுக்க வேண்டும். அதனால் வராவிடில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுப்பிக்க வேண்டும். அவ்வாறு இழுக்கும்போதும், வேறு எப்பாரத்தை இழுக்கும்போதும், சங்கிலியை டிராபார் எனப்படும் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே மாட்ட வேண்டும். பின் அச்சிலோ, அதற்கு மேலான இடத்திலோ மாட்டினால், இழுக்கும் வண்டியே பின்னால் கவிழும்.

இந்த அபாயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1917 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் டிராக்டர் விலை மலிவால் உலகெங்கும் பரவியது. ஆனால் கலப்பை வேரிலோ பாறையிலோ தட்டியபோது அது முன்புறம் எழும்பிக் கவிழ்ந்து பலர் உயிரைக் குடித்தது. அயர்லாந்து தேசத்தவரான ஹாரி பெர்குஸன் என்பார் கலப்பையை வண்டியோடு மூன்று இடங்களிற் பிணைக்கும் முறையை வகுத்து 1930களில் வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். கலப்பையின் இழுப்பு வண்டியின் முன்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்தும்படி அம்முறை அமைந்தது. இன்று நம் வயல்களில் உள்ள டிராக்டர்கள் அனேகமாக எல்லாவற்றிலும் இந்த மும்முனைப் பிணைப்பையே காண்கிறோம். ஓட்டுபவரைக் கடிந்துகொண்டிருந்தால் இப்பயன் கிட்டியிராது. வண்டியின் அமைப்பை மாற்றியதால் கிட்டியது. இதை நேயர்கள் நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது அச்சம், கரை சரிந்து பக்கவாட்டிற் கவிழ்தல். காவிரிப் பாசனப் பிரதேசத்தில் மேட்டூர் அணை ஜூன் மாதம் 12 ஆம் தேதி திறக்கப்படுவது வழக்கம். தண்ணீர் வந்த சில நாட்களுக்குள் எல்லோருக்கும் உழவு வேண்டியிருக்கும். வாடகை டிராக்டர்கள் இரவும் பகலும் ஓடும். வயலுக்கு வயல் செல்ல வாய்க்காற்கரையே பாதை. பார்வைக்குக் கரை அகலமாகவும் உறுதியாகவும் தோன்றும். உள்ளே நண்டு வளையும் எலி வளையும் குடைந்திருக்கும். மழையில் நனைந்த மண் பிடிப்பை இழந்திருக்கும். வாய்க்காலில் நிறைந்தோடிய தண்ணீர் திடீரென வற்றினாலோ, கரையைத் தாங்கிநின்ற நீரின் அழுத்தம் நீங்கி, ஊறிய மண் தானே சரியத் தயாராக நிற்கும். அத்தகைய கரையின் விளிம்பில் 2 டன் எடையுள்ள வண்டி ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

இங்கே ஒரு சுலபமான அளவு உண்டு. வாய்க்காலோ பள்ளமோ எத்தனை அடி ஆழமோ, விளிம்பிலிருந்து அத்தனை அடியாவது விலகியே சக்கரம் செல்ல வேண்டும். 4 அடி ஆழமாயின் 4 அடி விலக்கம். அவ்வளவு இடம் இல்லாத கரை டிராக்டருக்கு ஏற்ற பாதையாகாது. வேறு வழியாகச் சுற்றிச் செல்வதே விவேகம். வளைவில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமென்பதற்கும் ஒரு கணக்குண்டு. வேகம் இரு மடங்கானால் வண்டியைக் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 10 கிலோமீட்டரில் எளிதாகத் திரும்பிய அதே வளைவு, 20 கிலோமீட்டரில் வண்டியைப் புரட்டிவிடக் கூடும். உழவின்போது வரப்போரத்தில் திருப்பும் இடத்தை முன்கூட்டியே அகலமாக விட்டுக்கொண்டால், விளிம்பு வரை சென்று திணற வேண்டியதில்லை.

மூன்றாவது, இறக்கத்தில் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடுதல். ஏரிக்கரையினின்று இறங்கும் பாதையிலும், மலையடிவாரத் தோட்டங்களிலும் இது நேர்கிறது. டீசல் மிச்சப்படும் என்றெண்ணிக் கியரை நீக்கி நியூட்ரலில் இறக்குவோர் உண்டு. பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் இருப்பின், அது முன்னே செல்லும் வண்டியைத் தள்ளும். டிரெய்லர்களிற் பலவற்றிற்குத் தனிப் பிரேக் கிடையாது. ஓடத் தொடங்கிய பின்னர் கியரைப் போட முயன்றால் விழாது. பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைப் புரட்டும். ஆகையால், இறக்கத்தின் தலைப்பிலேயே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொண்டு, இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி மெல்ல இறங்க வேண்டும். ஏறுமுகம் செங்குத்தாயின், பின்னால் கனத்த கருவி பூட்டிய டிராக்டரைப் பின்னோக்கியே ஏற்றுவது நலம்; அப்போது முன்புறம் எழும்பாது.

இதனோடு சேர்ந்த மற்றொன்று பிரேக் மிதிகள். வயலில் சட்டெனத் திருப்புவதற்காக டிராக்டரின் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் தனித்தனி மிதிகள் வைத்திருக்கின்றனர். வயலை விட்டு வெளியேறியதும் இவ்விரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்டிவிட வேண்டும். மாட்ட மறந்து வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால், வண்டி அப்பக்கமாகவே சுழன்று உருளும். இக்கொக்கியை மாட்ட ஒரு விநாடி போதும். ஆயினும் கொக்கி துருப்பிடித்து அசையாமற் கிடக்கும் வண்டிகளை நான் அடிக்கடி காண்கிறேன்.

நான்காவது, தரைப்பாலத்தின்மேல் ஓடும் வெள்ளம். டிராக்டர் உயரமானது, கனமானது. ஆகவே தண்ணீர் ஒன்றுஞ் செய்யாது என்று நம்புகின்றனர். ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். இரண்டடியாயின் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். டிராக்டரின் எடை அதைவிட மிகுதியாயினும், அதன் பெரிய டயர்களில் அடைபட்டிருக்கும் காற்று நீரில் மிதக்கச் செய்யும் தன்மையுடையது. டிரெய்லரோ நீரின் தள்ளுதலுக்கு ஒரு சுவர்போல் எதிர்நிற்கும். இவற்றைவிடப் பெரிய அபாயம், கலங்கிய நீருக்கடியில் பாலத்தின் ஓரம் இடிந்துபோயிருப்பது கண்ணுக்குத் தெரியாமை. தரை தெரியாத ஓடும் நீரில் வண்டியை இறக்குவதில்லை என்பதை ஒவ்வோர் ஓட்டுபவரும் மாறா விதியாகக் கொள்ள வேண்டும். வெள்ளம் வடிய அரைநாள் காத்திருந்து எவரும் குடும்பத்தை இழந்ததில்லை.

ஐந்தாவதைக் கூறும்போது மனம் கனக்கிறது. இதுவரை கூறியவற்றில் இருக்கையில் அமர்ந்தவர் ஒருவருக்கே ஆபத்து. ஆனால் நம் ஊர்களில் டிராக்டர் தனியே போவது அரிது. மட்கார்டின்மேல் இருவர், பிணைப்புச் சட்டத்தின்மேல் ஒருவர், டிரெய்லரில் நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் பெண்கள் 15 பேர், 20 பேர் என்று ஏறிச் செல்கின்றனர். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1 ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் ஜில்லாவில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் சாலையோரக் குட்டையிற் கவிழ்ந்து 26 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மகாராஷ்டிரத்தில் நாந்தேடு ஜில்லாவில், மஞ்சள் அறுவடை வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் வயலில் இருந்த கிணற்றில் வீழ்ந்து ஏழு பெண்கள் உயிரிழந்தனர்.

டிராக்டரின்மேல் ஓட்டுபவரைத் தவிர வேறெவரையும் ஏற்றலாகாது என்று 1989 ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. விதி இருந்தும் அனுசரிப்பதில்லை. அதற்குக் காரணம் பிடிவாதமன்று. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வேறு வாகனமில்லாமையே பெரும்பாலும் காரணம். ஆகையால், ஏற்றாதே என்று ஓட்டுபவரிடம் மட்டும் சொல்லி நாம் ஓய்ந்துவிட இயலாது. ஆட்களைக் கூப்பிடும் நிலக்காரர், அவர்களை ஒரு வேனிலோ ஆட்டோவிலோ அழைத்துவரும் செலவைச் சாகுபடிச் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விதைக்கும் உரத்திற்கும் கணக்கெழுதுபவர், நாற்று நடும் கைகளுக்கும் கணக்கெழுதுவது நியாயமே. வயற்புறங்களில் தரைமட்டமாகக் கிடக்கும் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதும் நிலக்காரரின் கடமையாகும். சுவரெழுப்ப முடியாவிடின், கிணற்றைச் சுற்றி டிராக்டர் நீளத்திற்கு அப்பால் கல் நட்டு எல்லை காட்டவாவது வேண்டும்.

இனி இக்கட்டுரையின் முக்கிய விஷயத்திற்கு வருகிறேன். மேற்சொன்ன ஜாக்கிரதைகளெல்லாம் அவசியமானவை. ஆயினும் ஜாக்கிரதை என்பது மனிதனின் குணம். மனிதன் களைப்படைவான், அவசரப்படுவான், இரவில் கண் சோர்வான். ஆயிரம் முறை சரியாகச் செய்தவன் ஒருமுறை தவறுவது இயற்கை. கவிழத் தொடங்கிய வண்டியில் எட்டிக் குதித்துவிடலாம் என்ற நம்பிக்கையோ வெறும் பிரமை. குதிப்பவர் மிகப் பலமுறை வண்டி விழும் பக்கத்திலேயே விழுகிறார். ஆகவே, தவறு நேர்ந்த பின்னரும் உயிர் நிற்கும்படியான ஓர் ஏற்பாடு வண்டியிலேயே இருக்க வேண்டும். அவ்வேற்பாடு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. பல்லாண்டுகளாக உலகில் வழங்கிவருகிறது.

ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால், அவர் தலைக்குமேல் உயர்ந்து நிற்கும் கனத்த எஃகு வளைவே அது. இதைக் காப்புச் சட்டகம் என்று சொல்வோம். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் இச்சட்டகம் தரையில் ஊன்றி, பெரும்பாலும் மேற்கொண்டு உருளவொட்டாமல் தடுக்கும். பின்புறம் கவிழ்ந்தால் இருக்கைக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் உயிரோடிருக்கப் போதுமான இடத்தைக் காத்துக்கொடுக்கும். அந்த இடத்திற்குள்ளேயே ஓட்டுபவர் இருக்கும்படி செய்வது இடுப்பில் அணியும் வார். சட்டகமும் வாரும் சேர்ந்திருந்தால், கவிழ்தலால் நேரும் மரணத்தையும் கடுங்காயத்தையும் 100க்கு 99 தடவை தடுக்கலாமென்று அமெரிக்க அரசாங்கத்தின் தொழில்நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் மதிப்பிட்டிருக்கின்றனர்.

ஸ்வீடன் தேசத்தில் நடந்ததை நம்மவர் அறிதல் நலம். அங்கே 1959 ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்கள் எல்லாவற்றிலும் காப்புச் சட்டகம் இருக்க வேண்டுமென்று சட்டமியற்றினர். பின்னர்ப் பழைய வண்டிகளுக்கும் படிப்படியாக அதை விரித்தனர். சட்டத்திற்கு முன் லட்சம் டிராக்டருக்கு ஆண்டொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் கவிழ்தலால் மாண்டுவந்தனர். 1990 ஆம் ஆண்டளவில் அத்தொகை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்காவில் கூலிக்கு ஓட்டுபவர்களின் டிராக்டர்களுக்கு இதே ஏற்பாட்டை 1976 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கினர். ஸ்வீடன் தேசத்து உழவர்கள் திடீரென நம்மவரினும் கைதேர்ந்தவர்களாகிவிடவில்லை. அங்கும் வண்டிகள் கவிழ்ந்துகொண்டுதான் இருந்தன. கவிழ்ந்த வண்டியின் கீழிருந்து மனிதர் எழுந்து வீட்டுக்குப் போயினர். வேற்றுமை அவ்வளவே.

இதற்கு நம்மவர் கூறும் ஆட்சேபங்கள் சில உண்டு. அவற்றையும் ஆராய்தல் நேர்மையாகும்.

மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் சட்டகம் கிளையிலும் மட்டையிலும் இடிக்கும் என்பது முதல் ஆட்சேபம். இது உண்மையே. இதற்காகவே மடக்கக்கூடிய சட்டகங்கள் செய்யப்படுகின்றன. தோப்பினுள் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளலாம். மடக்கியிருக்கும் வேளையில் அது காப்பாற்றாது என்பதை மறவாமல், அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். வாரையும் அவிழ்த்துவிட வேண்டும்.

வெயில் மறைக்க ஏற்கெனவே கூரை போட்டிருக்கிறேன், அது போதாதா என்பது இரண்டாவது. போதவே போதாது. மெல்லிய குழாய்களின்மேல் தகரமோ துணியோ போர்த்திய கூரை நிழலுக்கு உதவும். வண்டியின் எடை வந்து விழுந்தால் நொறுங்கி ஓட்டுபவரைக் குத்தும். பட்டறையில் தாமாகவே பற்றவைத்துக்கொள்ளும் வளைவுகளும் இத்தகையனவே. காப்புச் சட்டகம் என்பது குறிப்பிட்ட எடையைத் தாங்குமெனச் சோதித்துப் பார்க்கப்பட்டு, அந்தந்த மாதிரி டிராக்டருக்கென்றே செய்யப்பட்டது. வாங்கும்போது அதற்குரிய சோதனைச் சான்றைக் கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

வாரைக் கட்டிக்கொண்டால் குதிக்க முடியாதே என்பது மூன்றாவது. குதித்தல் பயன்படாது என்பதை மேலே விளக்கியாயிற்று. ஆயினும் ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சட்டகமுள்ள வண்டியில் வாரைக் கட்டாயம் அணிய வேண்டும். சட்டகமில்லாத வண்டியில் வார் அணியலாகாது. அணிந்தால் அது ஓட்டுபவரை வண்டியின் அடியிலேயே பிணைத்துவிடும். ஒன்றில்லாமல் மற்றொன்று உதவாது.

செலவு என்பது கடைசி ஆட்சேபம். உண்மையில் முதன்மையானதும் அதுவே. லட்சக்கணக்கில் விலைகொடுத்து டிராக்டரையும், அதற்கு மேலும் கொடுத்து ரோட்டவேட்டரையும் கேஜ் வீலையும் வாங்குகிறோம். பாட்டுப் பெட்டிக்கும், வண்ண விளக்குகளுக்கும், முன்புறத்து அலங்காரங்களுக்கும் பணம் செலவிடாதார் சிலரே. இவையெல்லாம் வாங்கிய பின்னர், ஓட்டுபவரின் உயிர்க்காப்புக்கு மட்டும் பணமில்லை என்று சொல்வது பொருந்துமா? சில டிராக்டர்களில் தயாரிப்பாளர் பூட்டியனுப்பிய சட்டகத்தையும், கொட்டகையில் இடிக்கிறதென்று கழற்றி மூலையிற் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். கொட்டகையின் கூரையை ஓரடி உயர்த்துவது அதைவிட எளிது.

இங்கே ஒரு வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். டிராக்டரின் சொந்தக்காரர் வேறு, ஓட்டுபவர் வேறு என்பதே இப்போது பல ஊர்களில் வழக்கம். சொந்தக்காரர் மணிக்கணக்கிலோ ஏக்கர் கணக்கிலோ வாடகை பெறுகிறார். ஓட்டுபவர் பெரும்பாலும் நிலமற்ற குடும்பத்து இளைஞர். விரைவாக முடித்தால் அடுத்த வயல் கிடைக்கும். தாமதித்தால் வாடகை போகும். இரவெல்லாம் ஓட்டியவரை விடியற்காலையில் மீண்டும் கரைமேல் அனுப்புவது இவ்வேற்பாடே. விபத்து நேர்ந்தபின் "பையன் அவசரப்பட்டான்" என்று சொல்வது சுலபம். அவசரத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்பார் இல்லை. வண்டியில் சட்டகம் பூட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓட்டுபவரிடம் இல்லை; சொந்தக்காரரிடமே இருக்கிறது. அதிகாரம் யாரிடமோ பொறுப்பும் அவரிடமே என்பது என் துணிபு.

ஆகவே, செய்யத்தக்கவை என்று எனக்குத் தோன்றுவனவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன். டிராக்டர் வாங்குவோர் காப்புச் சட்டகமும் வாரும் உள்ள வண்டியையே கேட்டு வாங்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்போர் அம்மாதிரிக்கு உரிய சட்டகம் கிடைக்குமாவென விற்பனையாளரிடம் விசாரித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு உழவு சொல்லும் குடியானவர்கள் ஏக்கருக்கு என்ன விலை என்று கேட்பதோடு, வண்டியில் சட்டகம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது வண்டி தானே சட்டகத்தோடு வரும். கிராமத்தார் உழவுப் பருவம் தொடங்குமுன் ஒருநாள் கூடி, டிராக்டர் செல்லும் கரைகளைப் பார்வையிட்டு, வளைகளை அடைத்து, வயலுக்கு இறங்கும் இடங்களில் நீண்ட சாய்வாக மண்ணிட்டுச் செப்பனிடுதல் நலம். தனியொருவர் செய்தால் பாரமாக இருக்கும் வேலை, ஊரார் சேர்ந்தால் ஒரு பகலில் முடியும்.

எம் இலாகாவைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் கடமை உண்டு. நாங்கள் புது விதையையும் புதுக் கருவியையும் செய்துகாட்டுகிறோம். விளைச்சல் எத்தனை மூட்டை கூடும் என்று கணக்குச் சொல்கிறோம். கருவியை ஓட்டுபவர் மாலையில் உயிரோடு வீடு திரும்பும் வழியையும் அதே களத்தில் செய்துகாட்ட வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் முறை, பிரேக் கொக்கி மாட்டும் முறை, வார் அணியும் முறை ஆகிய இம்மூன்றையும் காட்ட அரைமணி நேரம் போதும். டிராக்டர் சம்பந்தமான செய்முறை விளக்கம் எதுவும் இந்த அரைமணி இல்லாமல் நடைபெறலாகாது என்று விதித்துக்கொண்டால், செலவின்றியே பெரும்பயன் விளையும்.

அச்சம் ஒருவர் மனத்தில் ஒருநாள் இருந்து மறுநாள் மறைந்துபோவது. தப்பித்தவர் அதைத் திண்ணையிற் கதையாகச் சொல்லி மகிழ்கிறார். தப்பாதவரின் கதையைச் சொல்ல ஆளில்லை. நாம் கேட்கும் கதைகளெல்லாம் தப்பித்தவர் சொன்னவையாகவே இருப்பதால்தான், கைத்திறமே காப்பாற்றியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரும் உழவுப் பருவத்திற்கு முன், டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வண்டியின் இருக்கையில் ஒருமுறை தாமே அமர்ந்து, இது இப்போது கவிழ்ந்தால் என் தலைக்கும் தரைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ஒன்றுமில்லை என்று கண்டால், அந்த இருக்கையில் இன்னொருவர் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஆவன செய்வார்களென நம்புகிறேன்.